வாய்ப்பூட்டு வைத்தவர்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி அடித்தால் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு கோட்டையை மூடுபனி சூழ்ந்துவிடும். உள்ளே நான்கு பேர். பனி முழுவதும் மூடுவதற்குள் நான்கு பேரும் மணிக்கூண்டுக்குப் போய்ச் சேர வேண்டும். மூன்று பேர் சேர்ந்தால் போதாது. ஒருவர் பின்தங்கினாலும் எல்லோருக்கும் தோல்விதான். இதில் ஒருவரை ஒருவர் தோற்கடிப்பது கிடையாது. பனியும், கோபுரத்தில் தூங்குகிற டிராகனும்தான் எதிரி. 'குடும்பத்துல சண்டையே வராத விளையாட்டு' என்று இதை உண்டாக்கியவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

உண்டாக்கியவர் அந்த வீட்டு அம்மாவின் கணவர். கட்டடங்களுக்கு வரைபடம் போடும் அலுவலகத்தில் பதினெட்டு வருட வேலை. கோடு இழுத்தால் மயிரிழை பிசகாது. அலுவலகத்துக் கெட்டி அட்டையில் தொண்ணூற்றாறு கட்டங்களை அளந்து வரைந்து, பாலம், பாறை, பாதாளம், சுரங்கம் என்று ஒவ்வொன்றுக்கும் வண்ணம் தீட்டியிருந்தார். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. மனிதரும் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்கு வேலை சுலபமாகப் போயிருக்கும்.

சண்டை வராததற்கு உண்மையான காரணம் வேறு. நான்கு பேருக்கும் சேர்த்து அவர் ஒருவரே விளையாடிவிடுவார்.

"மச்சான், நீ ரெண்டு கட்டம் முன்னால போய் நில்லு. நீ அந்தப் பச்சிலையை அவன்கிட்ட குடு. மைனா, நீ இங்க வா. அங்க இல்லடா, இங்க."

மச்சான் என்பது அவளுடைய தம்பி. ஒரு பூட்டு, தாழ்ப்பாள் கடையில் வேலை. விளையாட்டில் அவன் கொல்லன், அவள் பச்சிலைக்காரி, கணவர் வில்லாளி, மகள் மந்திரக்காரி. அவரவர் காயை அவரவர் தொடுவதற்குள் அது நகர்ந்து போயிருக்கும். "ஜெயிச்சுட்டோம், பாத்தீங்களா!" என்று அவர் கைதட்டும்போது மற்ற மூவரும் பஸ்ஸில் வந்தவர்கள் ஊர் வந்ததும் இறங்குவதுபோல எழுந்து போவார்கள்.

மைனா அவர்களின் ஒரே மகள். ஒன்பது வயது. பேச ஆரம்பித்த புதிதில் ஓயாமல் பேசியதால் வந்த செல்லப்பெயர். நாலரை வயதில் அந்தப் பேச்சு திக்க ஆரம்பித்தது. ப, ம என்று உதடு ஒட்டுகிற எழுத்து வந்தால் ஒட்டிய உதடு ஒட்டியபடியே நின்றுவிடும். யாராவது பெயர் கேட்டால் அவளால் மைனா என்று சொல்ல முடியாது. பெயர் வைத்தவர்கள் இதையெல்லாம் யோசித்தா வைத்தார்கள்.

பேச்சுப் பயிற்சி தரும் டாக்டரம்மா ஒன்றே ஒன்றைத்தான் சொன்னார். "இவளுக்கு வேண்டியது மருந்து இல்லீங்க, நேரம். அவ ஆரம்பிச்சதை அவளே முடிக்கட்டும். நீங்க முடிச்சு வைக்காதீங்க. ஒரு நிமிஷம் ஆனாலும் சரி, ரெண்டு நிமிஷம் ஆனாலும் சரி." அவள் தலையாட்டினாள். கணவர் அவளைவிட வேகமாகத் தலையாட்டினார். வீடு திரும்பும் வழியிலேயே மகள் ஆரம்பித்த மூன்று வாக்கியங்களை அவர் முடித்து வைத்துவிட்டார். அத்தனை அன்பு.

காத்திருப்பது அவளுக்குப் புதிது இல்லை. அவள் வேலை பார்ப்பது கண்ணாடிக்கடையில். வருகிறவர்களை எழுத்துப் பலகைக்கு எதிரே உட்கார வைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்னால போட்டது தெளிவா இருந்துச்சா?" என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். சிலர் யோசிப்பார்கள், முழிப்பார்கள், 'இன்னொரு தடவை போடுங்க' என்பார்கள். பொறுமை போய் அவர்களுக்காக நாமே பதில் சொன்னால் தப்பான கண்ணாடி போட்டுக்கொண்டு படியில் தடுக்கி விழுவது அவர்கள்தான். இதை அவள் பதினோரு வருடமாகச் செய்கிறாள். கணவரிடம் பத்து தடவையாவது சொல்லியிருப்பாள். "அது கடை, இது வீடு" என்பார் அவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிராகன் முட்டைகளாக வைத்துக்கொள்ளலாம் என்று தம்பி நான்கு குட்டிப் பூட்டுகளைக் கொண்டுவந்தான். பெட்டிக்குப் போடுகிற, கட்டைவிரல் நகம் அளவுப் பித்தளைப் பூட்டுகள். சாவி தொலைந்துபோய்க் கடையில் சும்மா கிடந்தவை. அன்றைக்கு மைனாவின் முறை வந்தது. "நா... நான் ப்... ப்..." என்று ஆரம்பித்தாள்.

"பாறையா?" என்றார் அப்பா.

மைனா இல்லை என்று தலையசைத்தாள். "ப்... ப்..."

"பாதாளம்! பாதாளத்துக்குப் போறியா? ஐயையோ, அங்க போனா மாட்டிக்குவே. அப்பா சொல்றேன் பாரு, சுரங்கம்தான் சரி." காய் சுரங்கத்துக்குப் போய்விட்டது. மைனாவின் கை நீட்டியபடி நின்றது. பிறகு மடிக்குள் போய் ஒளிந்துகொண்டது.

அம்மாவுக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. ஒரு பூட்டை எடுத்து மகளுக்கு முன்னால் டக்கென்று வைத்தாள். மந்திரக்காரியைத் தூக்கிப் பழைய கட்டத்திலேயே நிறுத்தினாள்.

"என்ன இது?" என்றார் கணவர்.

"வாய்ப்பூட்டு. இன்னையிலேர்ந்து புது விதி. தன்னோட முறை வர்றப்ப இதை முன்னால வெச்சா பேசக் கூடாது. எடுக்கிற வரைக்கும் பேசக் கூடாது."

யார் பேசக் கூடாது என்று மேசையில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையே இல்லாமல் இருந்தது. தம்பி வாயில் விரலை வைத்துக்கொண்டான். "அத்தான், உங்களுக்கு இந்தச் சைஸ் பத்தாது. கடையிலேர்ந்து ஷட்டர் பூட்டு ஒண்ணு எடுத்துட்டு வரேன்" என்று கடைசியாக ஒரு தடவை பேசிவிட்டு அவனும் அடங்கினான். கணவர் சிரித்தார். ஆனால் விதி என்று ஒன்று வந்துவிட்டால் அவர் மதிக்கிற ஆள். வாயை மூடிக்கொண்டார்.

மைனா பூட்டைப் பார்த்தாள். மூன்று பேரையும் பார்த்தாள். உதடு ஒட்டியது, அவிழ்ந்தது, மறுபடி ஒட்டியது. சுவர்க் கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. ஒரு நிமிடத்துக்கு மேலேயே ஆகியிருக்கும்.

"பா... பாலம்" என்றாள். "பாலத்துக்குப் போறேன். அங்க மா... மாமா தனியா நிக்கிறாரு."

எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள். உண்மைதான். கொல்லன் பாலத்தில் தனியாக நின்றான். இன்னும் இரண்டு சுற்றில் பனி அவனை விழுங்கியிருக்கும். அளந்து வரைந்தவருக்கே அது கண்ணில் படவில்லை. அன்றைக்கு அவர்கள் ஜெயித்தார்கள். முதல் தடவையாக மைனா எழுந்து நின்று குதித்தாள். அம்மா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

கடையில் கண்ணாடி அளவு எழுதுகிற சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி, விளையாட்டுப் பெட்டியின் மூடிக்கு உள்ளே ஒட்டினாள்: 'வாய்ப்பூட்டு வைத்தால், எடுக்கும் வரை பேசக் கூடாது.'

அதற்குப் பிறகு வந்த ஏழெட்டு மாதங்கள் அவள் வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள். ஞாயிறுதோறும் டக் என்ற சத்தம் கேட்கும். கேட்டதும் அவள் மனசு குளிர்ந்துவிடும். இரண்டு சொல், நாலு சொல் என்று போய், ஒருநாள் பூட்டு வைத்துவிட்டு மைனா ஒரு முழுத் திட்டத்தையே சொன்னாள். நடுவில் ஆறு இடத்தில் திக்கினாள். ஆறு இடத்திலும் தானே மீண்டு வந்தாள். டாக்டரம்மா, "வீட்ல என்ன செய்யறீங்க? அதையே செய்யுங்க" என்றார். அவளுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது அவ்வளவுதான்: பெண் ஆரம்பித்த வாக்கியத்தைப் பெண்ணே முடிக்க வேண்டும்.

கணவர் அந்த நேரங்களில் என்ன செய்தார் என்பதை அவள் அப்போதே கவனித்திருக்க வேண்டும். பூட்டு விழுந்ததும் அவர் ஒரு துண்டுத்தாளை எடுத்து, பனி எத்தனை கட்டம் நகரும் என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுவார். மகள் பேசி முடித்துப் பூட்டை எடுத்ததும் நிமிர்ந்து, "சரி, அடுத்து யாரு?" என்பார். வாயைத்தான் பூட்டினோம் என்று அவள் நினைத்திருந்தாள். காதும் சேர்ந்து பூட்டிக்கொண்டது அவளுக்குத் தெரியவில்லை.

குழந்தைகளுக்கு விளையாட்டுப் பெட்டிகள் போடும் கம்பெனி ஒன்றுக்குக் கணவர் எழுதிப்போட, அங்கிருந்து ஒரு மேடம் வந்து, அவர்கள் விளையாடுவதை ஓரமாக உட்கார்ந்து பார்த்தார். டிராகன், பனி எல்லாம் பரவாயில்லை என்கிற முகத்தோடு இருந்தவர், முதல் டக் சத்தத்தில் நிமிர்ந்தார்.

"இந்தப் பூட்டு ரொம்பப் புதுசா இருக்கே! யாரோட யோசனை?"

"எங்க வீட்ல எல்லாமே சேர்ந்துதாங்க," என்றார் கணவர். "கூட்டு விளையாட்டு இல்லையா!"

மேடம் சிரித்தார். தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் கண்ணாலேயே, விடு என்றாள். அவளுக்குப் பெயர் ஆசை இல்லை. எங்கெங்கோ வீடுகளில், எவளோ ஒரு சின்னப் பெண் வாயைத் திறக்கப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு முன்னால் இந்தப் பூட்டு டக்கென்று விழும். வீடே அவளுக்காக ஒரு நிமிடம் அடங்கும். இதை நினைத்தாலே அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. பெட்டியில் யார் பெயர் இருந்தால் என்ன.

விதிப்புத்தகத்தைக் கணவரே எழுதினார். இருபத்துநாலு பக்கம். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் உட்கார்ந்துவிடுவார். "நான் ஒரு தடவை படிச்சுப் பாக்கட்டுமா?" என்று அவள் கேட்டாள். "நீ எதுக்குக் கஷ்டப்படறே? கம்பெனியில அதுக்குன்னே ஆள் இருக்காங்க" என்றார் கரிசனமாக. அவரோடு இதுதான் தொல்லை. எதையும் கரிசனமாகத்தான் சொல்வார்.

பெட்டிகள் அச்சாகி வந்தன. ஒரு சனிக்கிழமை காலை, பெரிய பொம்மைக்கடை ஒன்றில் அறிமுக விழா. கடை நடுவே மேசை போட்டு, உண்டாக்கிய குடும்பமே உட்கார்ந்து வந்தவர்களோடு விளையாடிக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. தம்பிக்குக் கடை விடுமுறை இல்லை. அவனுடைய இடத்தில் பதினோரு வயது இருக்கும் ஒரு சிறுமி உட்கார்ந்தாள். கண்ணாடி போட்ட, எதையும் முதலில் படித்துவிட்டுத்தான் தொடுவேன் என்கிற ரகம். கையில் விதிப்புத்தகம். அவளுக்குப் பின்னால் அவள் பெற்றோர், இன்னும் பத்துப் பதினைந்து குடும்பங்கள், கேமராவோடு கம்பெனி மேடம்.

மைனா புதுச் சட்டை போட்டிருந்தாள். முன்பின் தெரியாதவர்கள் அத்தனை பேர் நடுவில் அவள் உட்கார ஒத்துக்கொண்டதற்கு ஒரே காரணம் அந்தப் பூட்டு. "பூ... பூட்டு இருக்கும்லம்மா?" என்று வழியில் இரண்டு தடவை கேட்டிருந்தாள். பித்தளை போய் அட்டைப்பூட்டு வந்திருந்தது. மேசையில் வைத்தால் சத்தமே வராது. இருந்தாலும் தன் முறை வந்ததும் மைனா அதை எடுத்து முன்னால் வைத்தாள். மூச்சை இழுத்துக்கொண்டாள். உதடு ஒட்டியது. அம்மா மேசைக்கு அடியில் தன் கையைத் தானே இறுக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

"ப்... பா..."

"ஏய், நீ பேசக் கூடாது!" என்றாள் எதிரே இருந்த சிறுமி. "பூட்டு வெச்சது நீதானே?" புத்தகத்தில் பதினாலாம் பக்கத்தைப் பிரித்து உரக்கப் படித்தாள். "வாய்ப்பூட்டு வைத்தவர், அதை எடுக்கும் வரை பேசக் கூடாது. அவருக்குப் பதிலாக மற்றவர்கள் கலந்து பேசி அவருடைய காயை நகர்த்தலாம்."

ஒரு கணம் அம்மாவுக்குப் புரியவே இல்லை. தவறாகப் படிக்கிறாளோ என்று எட்டிப் பார்த்தாள். அச்சில் அப்படியேதான் இருந்தது. பக்கத்தில் ஒரு படமும் போட்டிருந்தார்கள்: மந்திரக்காரியின் உதட்டில் ஒரு பெரிய பூட்டு, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மைனா அப்பாவைப் பார்த்தாள். அப்பாவும் புத்தகத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஓடியதை அம்மா கண்டாள். தப்பு என்று அவருக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. 'அச்சுல பிசகிடுச்சு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கூட்டம் சிரித்திருக்கும், விஷயம் முடிந்திருக்கும். அவர் நிமிர்ந்து கேமராவைப் பார்த்தார்.

"புத்தகத்துல அப்படித்தான் இருக்கு," என்றார். "மைனா, கொஞ்சம் சும்மா இரும்மா. அப்பா பாத்துக்கறேன்." மந்திரக்காரியைத் தூக்கிச் சுரங்கத்தில் வைத்தார்.

கூட்டத்தில் ஒரு தகப்பன், "இது நல்லா இருக்கே! எங்க வீட்டு வாயாடிக்கு ரெண்டு பெட்டி வாங்கணும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மைனாவின் உதடு ஒட்டியபடியே இருந்தது. விளையாட்டு முடியும் வரை அவள் பூட்டை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"என்னங்க எழுதி வெச்சிருக்கீங்க?"

அவர் அலமாரியிலிருந்து அச்சுக்கு முந்தைய தாளை எடுத்து வந்து காட்டினார். அவள் எழுதிய வாக்கியம் அதில் அப்படியே இருந்தது. பக்கத்தில் பிழை திருத்துபவர் சிவப்பு மையில் கேட்டிருந்தார்: 'யார் பேசக் கூடாது? எழுவாய் இல்லையே?' அதற்குக் கீழே கணவரின் அழகான கையெழுத்து: 'வைத்தவர்.' காயை மற்றவர்கள் நகர்த்தலாம் என்ற வரியும் அவர் சேர்த்ததுதான். அவள் எழுதியதில் வாய் இருந்தது, பூட்டும் இருந்தது. எழுவாய்தான் இல்லை. அதை அவர் போட்டுக் கொடுத்துவிட்டார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"இதுக்கெல்லாமா கேப்பாங்க? அவ பூட்டு வெச்சதும் பேசாமத்தானே உக்காந்திருப்பா? நான் எத்தனை தடவை பாத்திருக்கேன்."

"அப்புறம் பேசுவா. அதை நீங்க ஒரு தடவைகூடக் கேட்டதில்ல."

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த ஒரு நிமிடம் அவருக்கும் வலித்திருக்கும் போல இருந்தது. அவள் அதற்காகவும் காத்திருந்தாள். ஆனால் அவர் தாளை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, "மூவாயிரம் பெட்டி அச்சாயிடுச்சு. இப்பப் போய் எனக்கே என் விளையாட்டு தெரியலைன்னு சொல்லச் சொல்றியா?" என்றார். 

அவள் மேடத்துக்குத் தானே போன் செய்தாள். ஒரு சின்னச் சீட்டு அச்சடித்துப் பெட்டிக்குள் போட்டால் போதும் என்றாள். எதற்காக அந்தப் பூட்டு வந்தது என்பதையும், சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டே மகளைப் பற்றியும் சொன்னாள். மேடம் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "மனசுக்குக் கஷ்டமாத்தான்மா இருக்கு. ஆனா அதுதான் எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. 'அரை மணி நேரம் எங்க பையன் வாயே திறக்கலை'ன்னு எத்தனை பேரு எழுதறாங்க தெரியுமா?" என்றார்.

எங்கெங்கோ வீடுகளில் எவளோ ஒரு சின்னப் பெண் என்று நினைத்தாளே, அந்தப் பெண் இப்போது வாயைத் திறக்கப் போவாள். வீடே சேர்ந்து, உன் முன்னால் பூட்டு இருக்கிறது பார் என்று சொல்லும். தன் கையால் செய்து கொடுத்தது அது. 

மைனா ஞாயிற்றுக்கிழமைகளில் மேசைக்கு வரத்தான் செய்தாள். வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாகப் பூட்டை வைத்தாள். எடுப்பதே இல்லை. அப்பா அவள் காயை நகர்த்தினார். "எவ்ளோ பொறுப்பா விளையாடறா பாரு" என்று மனைவியிடமே சொன்னார். தம்பி இரண்டு வாரம் பார்த்துவிட்டு, மூன்றாவது வாரம், "எனக்குக் கடையில வேலை இருக்குக்கா" என்று வராமல் இருந்துவிட்டான். பள்ளியிலிருந்து ஆசிரியை கூப்பிட்டு அனுப்பினார். கேள்வி கேட்டால் மைனா பென்சில் டப்பாவிலிருந்து ஒரு குட்டிப் பூட்டை எடுத்து மேசைமேல் வைத்துவிடுகிறாளாம். "என்னங்க இது, வீட்ல ஏதாவது விளையாட்டா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இந்த நிலைமையில்தான் கம்பெனி விளம்பரப் படம் எடுக்க வீட்டுக்கு வருவதாகச் சொன்னது. அவள் வேண்டாம் என்றாள். கணவர், "அவளுக்கும் தைரியம் வரும்ல?" என்றார். மைனா சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: 'இது எங்க அப்பா எனக்காகப் பண்ணின விளையாட்டு.' ஒரு வாரம் சொல்லிக் கொடுத்தார். "திக்கினாலும் பரவாயில்லடா, அந்த இடத்தை வெட்டிடுவாங்க" என்று தைரியமும் சொன்னார்.

வந்தார்கள். மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்தினார்கள். விளக்குப் போட்டார்கள். புதுப் பெட்டியைத் திறந்து பலகையை விரித்து வைத்தார்கள். மேடம் மைனாவின் தலைமுடியைச் சரிசெய்துவிட்டு, "சொல்லு தங்கம், இந்த விளையாட்டை யாரு பண்ணினது?" என்றார்.

மைனா பாக்கெட்டில் கைவிட்டாள். பித்தளைப் பூட்டை எடுத்து முன்னால் வைத்தாள். டக்.

"அழகு!" என்றார் மேடம். "அதுவும் படத்துல இருக்கட்டும். இப்பச் சொல்லு."

மைனா பேசவில்லை.

"சொல்லும்மா," என்றார் கணவர். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. "இது எங்க அப்பா... சொல்லு."

மைனா விதிப்புத்தகத்தை எடுத்தாள். பதினாலாம் பக்கத்தைப் பிரித்து, அப்பா பக்கம் திருப்பி, அந்த வரிக்கு அடியில் விரலை வைத்தாள். அவர் படித்தார். படித்துத்தான் ஆகவேண்டும், எழுதியதே அவர்தானே. கேமரா பிடித்தவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு மேடத்தைப் பார்த்தான்.

"நீயாவது ஏதாவது சொல்லேன்," என்று கணவர் அவள் பக்கம் திரும்பினார். குரலில் கெஞ்சல் இருந்தது. இத்தனை வருடத்தில் அவர் அவளைப் பேசச் சொல்லிக் கெஞ்சியது அன்றைக்குத்தான்.

அவள் பழைய பெட்டியை எட்டி எடுத்தாள். அதிலிருந்து தன் பூட்டை எடுத்து, மகளின் பூட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அதற்கு மேல் அவர் தனியாகத்தான் பேச வேண்டியிருந்தது. எப்படி யோசனை வந்தது, எப்படி வரைந்தார், குடும்பமாக உட்கார்ந்து விளையாடுவதன் அருமை என்ன என்று வியர்த்துக்கொண்டே பேசினார். இரு பக்கமும் இரண்டு பேர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு உள்ளுக்குள் ஒரு குரூரமான சந்தோஷம் பொங்கியது. அதை மறைக்கக்கூட அவள் முயலவில்லை. என் பெண் திருப்பிக் கொடுத்துவிட்டாள், அவர் கத்தியை எடுத்து அவருக்கே காட்டிவிட்டாள் என்று துள்ளியது மனசு.

வந்தவர்கள் விளக்குகளைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள். கணவர் அவர்களை வழியனுப்பத் தெருவரை போனார். அவள் தன் பூட்டை எடுத்துவிட்டு, மகளின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"கலக்கிட்டே கண்ணு. அவங்க போயிட்டாங்க. பூட்டை எடுத்துடு."

மைனா எடுக்கவில்லை.

"சரி, எடுக்க வேணாம். நம்ம பழைய விதி இருக்குல்ல? நீ வெச்சா நாங்கதான் பேசக் கூடாது. நீ பேசலாம். என்ன வேணும்னாலும் பேசு. அம்மா காத்துட்டு இருக்கேன்."

வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு ஆயிற்று. பழைய பெட்டியின் மூடி பக்கத்திலேயே திறந்து கிடந்தது. அதன் உள்பக்கம் அவள் ஒட்டிய சீட்டில் பென்சில் எழுத்து மங்கிப்போய், 'பூட்டு' என்பது மட்டும் தெரிந்தது. மைனா அதையும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அச்சடித்த புத்தகத்தை எடுத்து, பதினாலாம் பக்கத்தை அம்மா பக்கம் திருப்பி வைத்தாள்.

"புத்தகத்துல அப்படித்தான் இருக்கு," என்றாள்.

ப-வில் தொடங்குகிற வாக்கியம். எந்த இடத்திலும் உதடு ஒட்டவில்லை. பொம்மைக்கடையில் அப்பா சொன்ன அதே வேகத்தில், அதே குரலில், ஒரே மூச்சில் முழுசாக வந்தது. சொல்லி முடித்துவிட்டு, மைனா பூட்டை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.